ஜெர்மனியில் பிரிட்டிஷ் கிரேவி: பிஸ்டோ டப்பா இல்லாமல் அந்த ருசி வருமா?

வேணி_லீட்ஸ்

லீட்ஸ்ல இருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு மாறியாச்சு. சிப்ஸ் மேல ஊத்துற கிரேவி, ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கு ஊத்துற கிரேவி, ரெண்டுமே இங்க சரியா அமையல. சூப்பர்மார்க்கெட்ல விக்கிற ப்ராட்டன்ஸோஸ (ரோஸ்ட் சாஸ்) பாக்கெட்டோட ஒரு ஸ்டாக் கட்டி கரைச்சா நிறம் ஓரளவு வருது. ஆனா லேசா புளிப்பு, கூடவே செலரி வாசனை. இங்கிலாந்து கிரேவியில இது ரெண்டுமே கிடையாது.

பிஸ்டோ (இங்கிலாந்துல எல்லாரும் வாங்குற ரெடிமேட் கிரேவி) ஆன்லைன்ல கிடைக்குது, தபால் செலவோட பார்த்தா கட்டுபடியாகல. இங்க கடையில கிடைக்கிற சாமானை வச்சே செய்ய அளவு யாராவது சொல்ல முடியுமா? வீட்டுல இண்டக்ஷன் அடுப்பு.

தாளிதம்

உங்க கிரேவியில எதுவும் குறையல, வேண்டாதது சேர்ந்திருக்கு. ஜெர்மன் ஸ்டாக் கட்டி, ஸ்டாக் பொடி பெரும்பாலானதுல செலரியும் லீப்ஷ்டோக்கல்ங்கிற கீரையும் இருக்கும். உங்களை உறுத்துற வாசனை அதுதான். ரோஸ்ட் சாஸ் பாக்கெட்ல தக்காளி, சிலதுல ஒயின். புளிப்பு அங்கிருந்து வருது. இந்த ரெண்டையும் ஒதுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

பிஸ்டோ 1908ல பொடியா வந்தது, சுடுதண்ணியில கரையுற குருணை 1979ல. ரெண்டும் செய்யுற வேலை மூணுதான்: நிறம், ருசி, கெட்டி. குருணை டப்பாவுல பின்னாடி படிச்சா உருளைக்கிழங்கு மாவு, பாமாயில், உப்பு, E150c நிறம், ருசி கூட்டுற E621, E635 இப்படித்தான் போகும். மாட்டிறைச்சி கிரேவின்னு எல்லாரும் நினைக்கிற அந்த சிவப்பு டப்பாவுல இறைச்சியே கிடையாது. அதனால சிப்ஸ் கிரேவிக்கு எலும்பு வேக வைக்கிற வேலை வேண்டாம்.

300 மில்லிக்கு அளவு: உருளைக்கிழங்கு மாவு 10 கிராம் (பாக்கெட்ல கார்டோஃபல்மேல்னு போட்டிருக்கும்), மார்மைட் 1 டீஸ்பூன், வெங்காயப் பொடி அரை டீஸ்பூன், சோயா சாஸ் 1 டீஸ்பூன், சர்க்கரை கால் டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, வெண்ணெய் 10 கிராம். மார்மைட் கிடைக்கலன்னா ரிஃபோர்ம்ஹவுஸ்ல (இயற்கை உணவுக் கடை) வீட்டாம்-ஆர்னு ஒரு ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் இருக்கும், அதுவும் அதே ஜாதிதான்.

250 மில்லி தண்ணியில மாவைத் தவிர எல்லாத்தையும் போட்டு 3 நிமிஷம் கொதிக்க விடுங்க. வெங்காயப் பொடியோட பச்சை வாசனை போக அவ்வளவு நேரம் வேணும். மாவை மீதி 50 மில்லி *பச்சைத்* தண்ணியில கரைச்சு, அடுப்பை நிறுத்திட்டு, விஸ்க்கால கலக்கிட்டே ஊத்துங்க. மறுபடி அடுப்பை ஏத்தி, குமிழ் வந்ததும் இறக்கிடுங்க. உப்பு கடைசியில. மார்மைட்லயும் சோயாவுலயும் ஏற்கனவே இருக்கு, கால் டீஸ்பூனுக்கு மேல தேவைப்படாது.

நிறத்துக்கு ஜெர்மன் கடையில ட்ஸுக்கர்குலோர்னு சின்ன பாட்டில் கிடைக்கும், கால் டீஸ்பூன் போதும். இல்லன்னா 100 கிராம் சர்க்கரையை வெறும் சட்டியில கிட்டத்தட்ட கறுப்பாகுற வரைக்கும் கருக்கி, அடுப்பை விட்டு இறக்கி, 100 மில்லி கொதிநீரை ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. பயங்கரமா தெறிக்கும், நீளக் கைப்பிடி சட்டி, ஜன்னல் திறந்திருக்கணும். சோயாவை அதிகமாக்கி நிறம் கொண்டுவரப் பார்க்காதீங்க, சைனீஸ் சாஸா போயிடும்.

அடுப்படி

வேணி, சிப்ஸுக்கு, தாளிதம் சொன்னது போதும். ரோஸ்ட்டுக்கு அது சரிவராது. ட்ரேயில இறைச்சியின்ர சாறு இருக்கேக்க ஏன் வெறும் தண்ணியில தொடங்கோணும்?

ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சித் துண்டு எண்டு வையுங்கோ. அதுக்கு அடியில ரெண்டு வெங்காயம், ரெண்டு கரட் தடிப்பா வெட்டிப் பரப்புங்கோ. ஸூப்பன்குரூன் எண்டு கட்டாக விக்கிற மரக்கறியை வாங்கினால் அதில கரட்டை மட்டும் எடுங்கோ. அந்தச் செலரிக் கிழங்கைப் போட்டால் திரும்பவும் ஜெர்மன் வாசம்தான். அவண் மேல்-கீழ் சூட்டில 200, உம்லுஃப்ட் (விசிறி ஓடுற சூடு) எண்டால் 180. அரை மணித்தியாலம் போனபிறகு ட்ரேயில 100 மில்லி தண்ணி விடுங்கோ, அடி கருகாது.

இறைச்சி வெந்ததும் எடுத்து 20, 30 நிமிசம் மூடி வையுங்கோ. கிரேவி செய்யிற நேரம் அதுதான். கொழுப்பை வடிச்சு 2 மேசைக்கரண்டி மட்டும் வைச்சிருங்கோ. இங்கிலாந்துச் சமையல் குறிப்பெல்லாம் ட்ரேயை அப்பிடியே அடுப்பில வைக்கச் சொல்லும், அது காஸ் அடுப்புக்கு. இண்டக்ஷனில கண்ணாடி ட்ரேயும் அலுமினிய ட்ரேயும் சூடாகாது. அதால 200 மில்லி கொதிதண்ணியை ட்ரேயில விட்டு, மரக்கரண்டியால அடியில ஒட்டினதெல்லாம் சுரண்டி, மரக்கறியோட ஒரு ஜக்கில ஊத்தி வையுங்கோ.

இப்ப ஒரு சட்டியில அந்தக் கொழுப்பை விட்டு 25 கிராம் கோதுமை மா போடுங்கோ, இங்க டைப் 405. நடுத்தரச் சூட்டில 3, 4 நிமிசம், கச்சான் (நிலக்கடலை) கோது நிறம் வரும்வரை கிளறோணும். ஜக்கில உள்ளதோட உருளைக்கிழங்கு அவிச்ச தண்ணியோ உப்பில்லாத ஸ்டாக்கோ 300 மில்லி சேர்த்து, மூண்டு தரமா விடுங்கோ. முதல்தரம் விட்டதும் களிமாதிரி இறுகும், பயப்பிடாமல் நல்லா அடிச்சுப்போட்டு அடுத்ததை விடுங்கோ. 10 நிமிசம் மெல்லக் கொதிக்கட்டும். வடிச்சு, மூடி வைச்ச இறைச்சியில இருந்து வடிஞ்ச சாறையும் கடைசியா ஊத்துங்கோ. வூஸ்டர் சோஸ் 1 தேக்கரண்டி விட்டால் நல்லது. அதில புளியும் நெத்திலியும் இருக்கு, எங்கட நாக்குக்குத் தெரிஞ்ச சாமான்தான்.

வேணி_லீட்ஸ்

ரெண்டு பேருக்கும் நன்றி. செலரிதான் வில்லன்னு இப்பத்தான் புரியுது. மூணு சந்தேகம். உருளைக்கிழங்கு மாவு கிரேவி ஆறினதும் கோந்தா இழுக்குது, திரும்ப கொதிக்க வச்சா நீர்த்துப் போகுது, ஏன்? அடுப்படி அக்கா சொன்ன முறையில மாவை இன்னும் கறுப்பா வறுத்தா நிறம் தனியா சேர்க்க வேண்டாமா? ரோஸ்ட் ட்ரே கிரேவி சில சமயம் கசக்குது, அதுக்கு என்ன வழி?

மாவுக்கணக்கு

வரிசையாகச் சொல்கிறேன்.

உருளைக்கிழங்கு மாவின் மணிகள் பெரியவை. 60–65 டிகிரியிலேயே நீரை உறிஞ்சி உப்பிவிடும், அதனால்தான் சட்டென்று கெட்டியாகிறது. அந்த உப்பிய மணிகள் மென்மையானவை. தொடர்ந்து கொதித்தாலும் வேகமாக அடித்தாலும் உடைந்து கிரேவி நீர்த்துவிடும். சோள மாவு முழுதாகக் கெட்டியாக ஏறக்குறைய கொதிநிலை வேண்டும், ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். செய்த உடனே பரிமாறுவதானால் உருளை மாவு மட்டும் போதும், பிஸ்டோவின் அந்தப் பளபளப்பு அதில்தான் வரும். மேசையில் அரை மணி நேரம் இருக்க வேண்டும், மறுநாள் சூடாக்க வேண்டும் என்றால் 300 மில்லிக்கு உருளை மாவு 5 கிராம், சோள மாவு 6 கிராம் என்று கலந்துகொள்ளுங்கள். மறுபடி சூடாக்கும்போது கொதிக்க விடாதீர்கள், ஆவி வந்தால் போதும். ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் விடும் பழக்கத்தையும் கவனியுங்கள்: எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும், மிச்சம் வைக்கும் கிரேவி நீர்த்துப்போக அதுவும் ஒரு காரணம்.

மாவை எவ்வளவு கறுப்பாக வறுக்கிறீர்களோ அவ்வளவுக்குக் கெட்டியாக்கும் சக்தி குறையும், வறுக்கும் சூட்டில் மாவுச்சத்து சின்னத் துண்டுகளாக உடைகிறது. சாக்லேட் நிறம் வரை போனால் 25 கிராமுக்குப் பதில் 35, 40 கிராம் தேவைப்படும், அதில் பிரிட்டிஷ் ருசியும் போய்விடும். இளம்பழுப்போடு நிறுத்தி, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை அரை டீஸ்பூன் விடுவதே நல்லது. இங்கிலாந்துக் கடைகளில் கிரேவி பிரவுனிங் என்று விற்பதும் ஏறக்குறைய அதேதான்.

கசப்புக்குக் காரணம் ட்ரேயின் ஓரத்தில் கருகியது. பழுப்பாக ஒட்டியிருப்பதுதான் ருசி. கரியாக இருப்பதைச் சுரண்டக் கூடாது. ஒருமுறை கலந்துவிட்டால் சர்க்கரை போட்டாலும் மறையாது. இறைச்சியைவிட ட்ரே ரொம்பப் பெரிதாக இருந்தால் வெற்றிடத்தில் சாறு பரவிக் கருகும், சிறிய ட்ரே எடுங்கள்.

கட்டி தட்டுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: உலர்ந்த மாவு சுடுநீரில் விழுந்தால் மேல்பகுதி உடனே வெந்து, உள்ளே நீர் போகாமல் அடைத்துவிடும். பிஸ்டோ பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்கச் சொல்வது அதனால்தான். குருணையில் கொழுப்பு மாவுமணிகளைப் பிரித்து வைத்திருப்பதால் கொதிநீரை நேராக ஊற்றலாம்.

சைவச்சட்டி

எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, ஆனால் ஸாஸேஜ்-மசியல் தட்டுக்கு வெங்காயக் கிரேவி வேண்டும் (சைவ ஸாஸேஜ்தான்). பெரிய வெங்காயம் 3, சுமார் அரைக் கிலோ, மெல்லிசாக நறுக்கி 30 கிராம் வெண்ணெயில் மெல்லிய தீயில் 35, 40 நிமிடம். பத்து நிமிடத்தில் முடிக்க நினைத்துத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாக நிற்கும். பிறகு மைதா 20 கிராம், இரண்டு நிமிடம் வதக்கி, 500 மில்லி நீர், மார்மைட் ஒன்றரை டீஸ்பூன், ஆங்கிலக் கடுகு அரை டீஸ்பூன்.

ஸ்டாக் இல்லாத குறை தெரியாமல் இருக்க, ஏசியன் கடையில் உலர்ந்த ஷிடாக்கே 5 கிராம் வாங்கி 150 மில்லி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்த நீரை 500 மில்லியில் சேர்த்துக் கணக்கிடுங்கள். E635இல் உள்ள குவானிலேட் என்ற ருசி கூட்டும் பொருள் உலர்ந்த ஷிடாக்கேயில் இயற்கையாகவே இருக்கிறது, மார்மைட்டின் குளூட்டமேட்டோடு சேரும்போது ருசி பல மடங்கு எழும். காளானை அதில் போடாதீர்கள், வாசனை தூக்கலாகிவிடும். வூஸ்டர் சாஸில் மீன் இருப்பதால் சைவக்காரர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

வேணி_லீட்ஸ்

அருமை. கடைசியா ஒண்ணு: செலரி இல்லாத ஸ்டாக்குக்கு என்ன பண்றது? ஒவ்வொரு தடவையும் எலும்பு வேக வைக்க நேரம் இல்ல. ஆட்டிறைச்சி ரோஸ்ட்டுக்கும் இதே அளவா?

அடுப்படி

கோழிச் செட்டை ஒரு கிலோ, ரெண்டு வெங்காயம், ரெண்டு கரட், உம்லுஃப்ட் 180இல ஒரு மணித்தியாலம் நல்லா முறுகவிட்டு, 2 லிட்டர் தண்ணியில ஒன்றரை, ரெண்டு மணித்தியாலம் மெல்ல அவியுங்கோ. ஒரு பிரிஞ்சி இலை, உப்பு வேண்டாம். வடிச்சால் ஒண்டேகால் லிட்டர் அளவில வரும். ஆறினபிறகு மேல உறைஞ்ச கொழுப்பை எடுத்துப்போட்டு, 300 மில்லிப் பெட்டிகளில ஃப்ரீசரில வையுங்கோ, மூண்டு மாசம் இருக்கும். பெட்டியில *உப்பில்லை* எண்டு எழுதி ஒட்டுங்கோ. மாட்டிறைச்சிக் கிரேவிக்கும் இது பாவிக்கலாம், ட்ரேச் சாறு மேல வந்திடும்.

ஆட்டுக்கும் அளவு அதேதான், கொழுப்பு மட்டும் கூட வடியும், கவனமா வடிச்சு விடுங்கோ. வூஸ்டர் சோஸுக்குப் பதிலா ரெட்கரண்ட் ஜெலி 1 தேக்கரண்டி கரையுங்கோ. உங்களுக்கு அது இங்க லீட்ஸைவிடச் சுகமாக் கிடைக்கும், யொஹானிஸ்பேர் ஜெலி எண்டு ஜாம் தட்டில இருக்கும். சிவப்பைப் பார்த்து எடுங்கோ, கறுப்பு வேற பழம்.