அம்மாவ நியூயார்க் அனுப்பணும், நேரா போறதா ஃபிராங்ஃபர்ட் வழியா போறதா?

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கோம், அம்மாவுக்கு 71 வயசு, சுகர் இருக்கு, முட்டி வலியும் உண்டு. நியூயார்க்ல தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவம், அதனால அம்மாவ அனுப்பியே ஆகணும், எனக்கு லீவு கிடைக்கல, தனியாத்தான் போறாங்க.

சாங்கியிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு சுமார் 15,300 கிலோமீட்டர், எஸ்கியூ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) நான்ஸ்டாப்ல போனா கிட்டத்தட்ட பதினெட்டரை, பத்தொம்பது மணி நேரம். எஸ்கியூவோட இன்னொரு ஃபிளைட் ஃபிராங்ஃபர்ட்ல நின்னு போகுது, அங்க வரைக்கும் 13 மணி நேரம் போல, அப்புறம் எட்டரை மணி நேரம். தூரம்னு பாத்தா ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான் கூட, ஆனா நடுவுல எறங்கி கொஞ்சம் நடக்கலாம்ல, அம்மா காலுக்கு அது நல்லதுன்னு தோணுது. வீட்டுக்காரர் வேண்டாங்கிறார், தனியா எறங்கி ஏறி தடுமாறுவாங்க, வீல்சேர் சொல்லி நேராவே அனுப்பிடுன்னு. அவர் சொல்றதும் சரியாத்தான் படுது.

வயசானவங்கள இப்படி தனியா அனுப்புன அக்கா அண்ணன் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, கால் வீங்காம இருக்க என்ன செஞ்சீங்க? வீல்சேர் உதவி ஃபிராங்ஃபர்ட்ல கடைசி வரைக்கும் கூட வருமா? இன்னொன்னு, அங்கயும் இங்கயும் இப்போ 12 மணி நேரம் வித்தியாசம், பகல் அப்படியே ராத்திரியாயிடும், சுகர் மாத்திரைக்கு பாலிகிளினிக்ல கேக்கத்தான் போறேன், டாக்டர்கிட்ட மறக்காம வேற என்னல்லாம் கேக்கணும்?

இந்த வாரமே டிக்கெட் எடுக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.