ஓய்வு பெறும் நாளில் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனது: உங்களுக்கு எது மறக்கவில்லை?

பெரம்பூர்வாசி
ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பெட்டியின் வெளிக்கூடு செய்யும் ஷெல் டிவிஷன். ரயில்வே ரிட்டயர்மென்ட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மாதக் கடைசி நாள், மாலை, மோதிரம். எங்கள் சீனியர் மைக்கில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அப்புறம் லாக்கரைக் காலி செய்ய என்னைக் கூப்பிட்டார். மாலையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். உள்ளே ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கிழியாமல் எடுக்க நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவர் மகன், ஸ்கூல் யூனிஃபார்மில். "இந்த வயசுல இவன் குரல் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகமே இல்லப்பா. ஓவர்டைம் முடிச்சுப் போனா தூங்கிட்டிருப்பான். உன் பொண்ணு முழிச்சிருக்கும்போதே வீடு போய்ச் சேரு." அவ்வளவுதான். ஓ.டி.க்குப் பெயர் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சுரண்டல் சத்தம் காதில் விழுகிறது.

தாமிரபரணிக்கரை
எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அதுதான் கடைசி பிளஸ் டூ செட். பிராக்டிகல் முடிந்த நாள். பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் நான் சில சொட்டு அதிகமாக விட்டு, குடுவை முழுக்க அடர் ரோஸ் ஆகிவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். என் குடுவையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "வெளிர் ரோஸ் வந்து நின்னதும் குழாயை மூடணும். காசு சேர்க்கும்போதும் சண்டை போடும்போதும் இதை நினைச்சுக்கோங்க பிள்ளைகளா" என்றார். பிரிவுரை என்று அவர் தந்தது அது ஒன்றுதான். சண்டை விஷயத்தில் என்னை நிறையத் தடவை காப்பாற்றியிருக்கிறது.

சிங்காநல்லூரான்
பெரம்பூர்வாசி, உங்கள் சீனியரை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. என் அப்பா மில்லில் ஓ.டி. பார்த்ததால்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். மில்லை விட்டு வந்த அன்று அவர் சொன்னது, "பி.எஃப்.ல கை வைக்காத." நானும் வைக்கவில்லை. இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் சொல்கிறேன். பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், கம்பெனியும் 12 போடுகிறது. அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். 5 வருட சர்வீஸ் முடியுமுன் எடுத்தால் வரியும் கட்ட வேண்டிவரும். நாமினி பெயரைக் கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறக்கவே கூடாது. கையில் காசில்லாமல் நிம்மதி எங்கிருந்து வரும்?

தபால்பெட்டி
சிங்காநல்லூரான் அண்ணா, பி.எஃப். பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேட்டது அது இல்லையே. எங்கள் போஸ்ட் மாஸ்டர் ஒரு நாள்கூட வீணாக லீவு எடுக்காதவர். சேர்ந்த லீவில் 300 நாள் வரைதான் காசாகும், அவர் முழுசாக 300 வைத்திருந்தார். கடைசி நாள் கணக்குத் தாளில் அந்தத் தொகையை விரலால் தொட்டுக் காட்டி, "எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப இதுல பத்து நாள் எடுத்திருக்கலாம்மா" என்றார். அடுத்த வாரமே நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். உங்கள் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன், அந்த ஓ.டி. வருடங்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்று.

சிங்காநல்லூரான்
கேட்டேன். "உன் படிப்புக்காகப் பார்த்தேன், அதுல வருத்தம் இல்ல. வீடு கட்டப் பார்த்ததைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றார். இதை இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. பெரம்பூர்வாசியும் படிக்கட்டும்.