'நெட்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

இயற்பியல் ஆசிரியை, திருச்சி (திங்கள் இரவு)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் துறை) மன்றம் வரும் மாதங்களில் நடத்தவிருக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காகச் சிற்றேடு ஒன்றைத் தமிழில் அச்சிடுகிறோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஆகஸ்டின் மூன்றாவது முழு வார இறுதியில் உலகெங்கும் ஹாம்கள் கலங்கரை விளக்கங்களின் அருகே நிலையம் அமைத்துப் பேசுவார்கள். அதற்குக் 'கலங்கரை விளக்க வார இறுதி' என்று எழுதிவிட்டேன். அக்டோபரில் சாரணர்கள் நடத்தும் நிகழ்வு 1958 முதல் நடந்துவருவது. ஜம்போரி (சாரணர்களின் பெருங்கூட்டம்) என்ற சொல் சாரணர் இயக்கத்தில் ஊறிப்போனதால் அதை 'வானலை ஜம்போரி' என்றே விட்டிருக்கிறேன். அதே மாதக் கடைசியில் 48 மணி நேரம் நடக்கும் உலகப் போட்டிக்கும், அழைப்புக்குறிக்கும் (ஒவ்வொரு நிலையத்தையும் அடையாளம் காட்டும் எழுத்துகளும் எண்களும்), தொடர்பை உறுதிசெய்யும் அட்டைக்கும் சொற்கள் கிடைத்துவிட்டன. கிடைக்காதது ஒன்றுதான்: ஞாயிறுதோறும் காலையில் நாங்கள் நடத்தும் 'நெட்'.

ஹாம் அல்லாத உறுப்பினர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன். குறித்த நேரத்தில், குறித்த ஓர் அதிர்வெண்ணில், பல நிலையங்கள் ஒன்றுகூடுகின்றன. நடத்துபவர் ஒருவர் இருப்பார். அந்த அதிர்வெண்ணில் வேறு யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதை முதலில் காதுகொடுத்து உறுதிசெய்துகொண்டு, பிறகு வந்திருப்பவர்களை அழைப்பார். ஒவ்வொருவரும் தம் அழைப்புக்குறியை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டும். நடத்துபவர் அவற்றை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராகப் பேச விடுவார். போன ஞாயிறன்று இரண்டு மீட்டர் அலைநீளம் கொண்ட அலைவரிசையில் இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்திவிட, இரண்டு குரலும் ஒன்றையொன்று விழுங்கிக் கீச்சென்ற ஓசை மட்டும் வந்தது. எங்கள் நடத்துநர் பதறவில்லை. கடைசி எழுத்து மட்டும் தமக்குக் கேட்டதென்றும், அந்த எழுத்தில் முடியும் நிலையம் தவிர மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமென்றும் சொன்னார். உடனே அமைதி, அந்த அமைதிக்குள்ளிருந்து மெலிந்த ஒரு குரல் தெளிவாக எழுந்து வந்தது. நெட் என்பது அதுதான்.

'வலையமைப்பு' என்று எழுதி ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "இதற்கு வைஃபை வேண்டுமா, மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இணையமும் கைப்பேசிக் கோபுரமும் அற்றுப்போன இடத்திலும் இயங்குவதே ஹாம் வானொலியின் பெருமை என்பதால் அந்தச் சொல்லை அங்கேயே அடித்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லவும் வாய்க்கு எளிதாக இருக்க வேண்டும்.


ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை (செவ்வாய் காலை)

ஆசிரியை அவர்களுக்கு, 'வலை'யை அடித்தது மிகச் சரி. 'வல்' என்னும் வேர் வளைதல், வளைத்துப் பிடித்தல் என்னும் பொருளில் விரிந்து வலை, வளை, வளையம், வளாகம் எனப் பல சொற்களை ஈன்றது என்பது என் துணிபு. வலையில் சிக்கியது தானாக வெளியேற முடியாது. உங்கள் நெட்டுக்கோ அனைவரும் விரும்பி வருகிறார்கள், விடைபெற்றுப் போகிறார்கள்.

எனவே 'அவை' என்ற சொல்லை முன்வைக்கிறேன்: 'வானவை'. நடத்துபவர் அவைத்தலைவர். குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும் உங்கள் நடத்துநர் செய்வது அவையறிதல். முதன்முதலாக மைக்கைப் பிடிக்கும் மாணவிக்கு வேண்டியது அவையஞ்சாமை. இதைவிடப் பொருத்தமான மரபு வேறெங்கே கிடைக்கும்?


தனித்தமிழ் ஆர்வலர், கோவை (செவ்வாய் நண்பகல்)

பேராசிரியர் ஐயா அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் 'அவை' என்பது 'சபா' என்னும் வடசொல் முதலெழுத்தை இழந்து வந்த வடிவம் என்று அகராதிகள் காட்டும்போது, புதிதாக ஆக்கும் கலைச்சொல்லில் அதை ஏன் வலிந்து சேர்க்க வேண்டும்?

நம்மிடம் 'குரவை' இருக்கிறது. கைகோத்து வட்டமாக நின்று ஆடும் கூத்து அது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஆயர்மகளிர் எழுவர் நிற்கிறார்கள். மாதரி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். ஒவ்வொருவருக்கும் ஆடுவதற்கென்று ஒரு குறிப்பெயர், வட்டத்தில் ஓர் இடம், நிறுத்தி நடத்தும் ஒருத்தி! அழைப்புக்குறியோடு கூடிய நெட்டை நம்மவர்கள் அன்றே கண்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதற்சுரத்தின் பெயரே 'குரல்' என்பதையும் கவனியுங்கள். 'வான்குரவை' என்று வழங்கலாம்.


பேராசிரியர், மதுரை (செவ்வாய் பிற்பகல்)

சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதிக்கு அடங்கி முதலெழுத்தை விட்டுவிட்டு வந்த சொல், தமிழின் ஒலியொழுங்கை ஏற்றுக் குடியேறிய சொல். ஆயிரம், அந்தி ஆகியவற்றையும் இதே வழியில் வந்தவை என்பார்கள். அவற்றையும் தள்ளிவிட்டு நாம் எதைக் கொண்டு எண்ணுவது, எந்தப் பொழுதில் விளக்கேற்றுவது?

குரவை அழகிய சொல்தான். ஆனால் இன்று அதைக் கேட்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் திருமண வீட்டில் பெண்கள் இடும் குலவையைத்தான் நினைப்பார்கள்.


பத்திரிகையாளர், சென்னை (செவ்வாய் மாலை)

வாசகர்களுக்கு நேரே விளங்க வேண்டும் என்றால் 'ஒலிபரப்புச் சந்திப்பு' என்றே எழுதிவிடலாமே?


ஹாம் இயக்குநர், நாகர்கோவில் (செவ்வாய் இரவு)

பத்திரிகை நண்பருக்கு: 'ஒலிபரப்பு' மட்டும் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் பேசப் பொதுமக்கள் கேட்பது ஒலிபரப்பு. எங்கள் உரிமம் அதை அனுமதிப்பதே இல்லை. ஒரு நிலையம் இன்னொரு நிலையத்தை அழைத்து, அது மறுமொழி தந்தால்தான் எங்களுக்கு அது தொடர்பு. மேலும் மோர்ஸ் விசையில் தட்டி நடத்தும் நெட்டுகளும் உண்டு. அங்கே பேச்சொலிக்கே வேலையில்லை. அந்தச் சொல்லைச் சிற்றேட்டில் அச்சிட்டால் படிக்கும் பெற்றோர்கள் நாங்கள் திருட்டு வானொலி நடத்துவதாக எண்ணிவிடக்கூடும்.

சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களா என்றும் கேட்க விரும்புகிறேன். நாற்பது மீட்டர் அலைவரிசையில், ஒற்றைப் பக்கப்பட்டையில் (குரலைக் குறுகிய பட்டைக்குள் அடக்கி அனுப்பும் முறை), குரலின் அடியும் நுனியும் வெட்டுண்டுதான் போய்ச் சேரும். அதோடு இரைச்சலும் மங்கலும் சேர்ந்துகொள்ளும். இன்று மாலை நண்பர்கள் மூவரிடம் 'வானவை', 'வான்குரவை' என்று சொல்லி, காதில் விழுந்ததை எழுதச் சொன்னேன். முன்னதை இருவர் 'மாணவி' என்று எழுதினார்கள். பின்னதை ஒருவர் 'வான் குறைவு' என்று எழுதிவிட்டு, பருவநிலை பற்றிச் சொல்கிறேனா என்று கேட்டார். 'நெட்' என்றதை மூவரும் முதல் தடவையே பிடித்துக்கொண்டார்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானில் நிலையம் அமைத்திருந்தது. அந்தத் தீவுகளிலிருந்து ஓர் அழைப்புக்குறியைக் கேட்பதே அரிது என்பதால் உலகெங்கும் உள்ளவர்கள் ஒரு தொடர்புக்காகப் போட்டிபோட்டுக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலையில் கடல் பொங்கியது. அதே நிலையம் அன்றே அவசரகாலச் செய்திகளைக் கடத்தும் நிலையமாக மாறியது. யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அதன் வழியே கரைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நெட்டில் நாங்கள் பழகுவது அப்படிப்பட்ட நாளுக்காகத்தான். அந்த நேரத்தில் ஒருவருக்குச் சொல்லின் பொருளை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.


வானொலி ஆர்வலர், யாழ்ப்பாணம் (புதன் காலை)

நாகர்கோவில் ஐயா சொல்வது மெய்யே. ஆனாலும் பழகிய சொல் என்பது ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்றே படித்தோம். எங்களுக்கு அதுதான் எளிது. 'வட்டம்' என்று வைத்தால் என்ன? வாசகர் வட்டம், இலக்கிய வட்டம் என்பவை இரு கரையிலும் வழங்குகின்றன. இரைச்சலிலும் அந்த 'ட்ட' அடிபடாது.


இயற்பியல் ஆசிரியை, திருச்சி (புதன் இரவு)

அனைவருக்கும் நன்றி. முதலில் என் தவறு ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். முதல் மடலில் 'வானலை ஜம்போரி' என்று எழுதினேன். மேல்நிலை இயற்பியலில் தரை அலை, வான் அலை, வெளி அலை என்று மூன்று வகைப் பரவலைக் கற்பிக்கிறோம். அவற்றுள் வான் அலை என்பது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் அலை மட்டுமே. நாற்பது மீட்டரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பேசுவது அதனால்தான். இரண்டு மீட்டரில் ஊருக்குள் பேசுவது பொதுவாக அப்படியன்று; அது வெளி அலை. ஆகவே 'வானலை', 'வான்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் என் மாணவர்களைக் குழப்பும். ஜம்போரிக்கு 'வானொலி ஜம்போரி' என்று மாற்றிவிட்டேன். அதிலும் 'ஒலி' இருக்கிறது என்று யாரேனும் சொல்வதற்குமுன், வானொலி என்பது கருவிக்கும் துறைக்கும் பெயராக நிலைத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

'வட்டம்' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாசகர் வட்டம் என்பது ஆட்களின் குழு. நெட் என்பது ஒரு நிகழ்வு. "இன்று வட்டம் உண்டா?" என்று கேட்க முடியுமா?


பேராசிரியர், மதுரை (புதன் இரவு)

நிகழ்வும் வேண்டும், வட்டமும் வேண்டும் என்றால் 'கூடல்' இருக்கிறது. அது தொழிற்பெயர், ஆகவே நிகழ்வைக் குறிக்கும். மதுரைக்குக் கூடல் என்று பெயர் இருப்பதால் பரிந்துரைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். பெண்கள் கண்ணை மூடி மணலில் வட்டம் இழைத்து, கோட்டின் இரு முனையும் கூடுகின்றனவா என்று குறிபார்ப்பதைக் கூடல் இழைத்தல் என்பார்கள்; நாச்சியார் திருமொழியில் 'கூடிடு கூடலே' என்று வருவது இதுவே. கண்ணுக்குப் புலப்படாதவர்கள் ஒருவரையொருவர் தேடி ஒரு வட்டத்தை நிறைவுசெய்வது, எனக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமை நெட்டாகவே தெரிகிறது.


தனித்தமிழ் ஆர்வலர், கோவை (வியாழன் காலை)

கூடல் தூய தமிழ். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அகப்பொருள் மரபில் ஊடலுக்கு இணையாக நிற்கும் கூடலைப் பள்ளிச் சிற்றேட்டில் தனித்து எழுதலாமா என்பதைத் தாங்களே எண்ணிப்பாருங்கள்.


ஹாம், மன்னார்குடி (வியாழன் நண்பகல்)

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இலக்கியத்தில் எனக்குப் பயிற்சி குறைவு, வாய்க்கால் தெரியும்.

எங்கள் பகுதியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைப்பார்கள். வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் யார் வயலுக்கும் தண்ணீர் ஏறாது. அதனால் இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று வரிசை கட்டுவார்கள். என் முறை வரும் இரவில் அப்பா என்னை எழுப்பி மண்வெட்டியோடு அழைத்துப்போவார். மடையைத் திறந்ததும் நிலவொளியில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வரப்பின் மூலைவரை சென்று சேர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நேரம் முடிந்ததும் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்துவிட்டு, அடுத்தவருக்குக் குரல் கொடுப்போம். கடைமடைக்காரருக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் முறையின் அறம்.

நெட்டில் நடத்துநர் செய்வது இதுதான். அதிர்வெண் ஒன்றுதான் வாய்க்கால். பொத்தானை அழுத்துவது மடையைத் திறப்பது, விடுவது அடைப்பது. மெலிந்த குரல்காரர் கடைமடைக்காரர். ஆசிரியை அம்மா எழுதிய ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவருக்காகத்தான் மற்றவர்கள் மடையை அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது கூடுவது அன்று, தன் முறைக்குக் காத்திருப்பது. 'முறை' என்ற சொல் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பேராசிரியர் ஐயா இசைந்தால் 'முறைக்கூடல்' என்று வைக்கலாம். தனித்து நிற்காததால் ஊடலும் நினைவுக்கு வராது.


யாழ்ப்பாணம் (வியாழன் மாலை)

முறைக்கூடலுக்கு என் ஒப்புதல். வட்டத்தை விட்டுவிடுகிறேன்.


கோவை (வியாழன் மாலை)

முறை என்றதும் முறைப்பெண், முறைமாமன் என்று மாணவர்கள் சிரிப்பார்கள் என்பதை எச்சரிக்கையாகப் பதிவுசெய்கிறேன். தவறான சொல் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வாக்கு இன்னும் குரவைக்கே.


பேராசிரியர், மதுரை (வியாழன் இரவு)

இசைகிறேன். அவையே தகும் என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆயினும் மடை திறந்த கதையைப் படித்தபின் எதிர்த்து எழுத மனம் வரவில்லை. வல்லினம் மிகும், 'முறைக் கூடல்' என்று பிரிக்காமல் ஒரே சொல்லாகவே அச்சிடுங்கள்.


இயற்பியல் ஆசிரியை, திருச்சி (வெள்ளி பகல்)

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஞாயிறுதோறும் காலையில் முறைக்கூடல். ஹாம்கள் இதை நெட் என்பார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசுவார். மற்ற அனைவரும் கேட்பார்கள்." நடத்துபவருக்குச் சொல் கிடைக்காததால் 'நடத்துநர்' என்றே விட்டிருக்கிறேன். அதைப் பேருந்து நடத்துநர் என்று யாரும் எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறேன். நல்ல சொல் தோன்றினால் அடுத்த பதிப்புக்கு எழுதுங்கள்.


நாகர்கோவில் (வெள்ளி இரவு)

அம்மா, இன்று மாலை அதே மூவரிடம் 'முறைக்கூடல்' என்று சொல்லிப் பார்த்தேன். இருவர் சரியாக எழுதினார்கள். மூன்றாமவர் 'மழைக்கூடல்' என்று எழுதினார். அச்சில் அது நன்றாக இருக்கும். மைக்கில் நான் நெட் என்றே தொடர்ந்து சொல்வேன், சிற்றேட்டைப் படித்துவிட்டு வரும் பிள்ளை "முறைக்கூடலில் சேரலாமா?" என்று கேட்டால், சேரலாம் என்று முதல் ஆளாக மறுமொழி தருவேன்.