மறு: பேரல் ஏஜ்டு பார்லிவைன் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

‘பேரல் ஏஜ்டு பார்லிவைன்’, அதாவது மரப்பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்திய பார்லிவைன், இதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ‘பீப்பாய் முதிர் பார்லி வைன்’, ‘மர ஊறல்’, ‘பார்லி ரசம்’. எதை ஏற்பது என்று முடிவு செய்வதற்கு முன் அந்தக் குவளையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பார்லிவைன் என்பது பீர்தான். திராட்சைக்கு அதில் வேலையே இல்லை. மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) அள்ளிப் போட்டு, முதலில் வடியும் கெட்டியான சாற்றை நீண்ட நேரம் கொதிக்கவிட்டு, நொதிக்க வைப்பார்கள். ஆல்கஹால் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் வரை. வைன் அளவுக்கு வலு இருப்பதால் இங்கிலாந்தில் அந்தப் பெயர் வந்தது. பர்ட்டன் நகரத்து பேஸ் நிறுவனத்தின் ‘நம்பர் ஒன்’ அதைப் பிரபலமாக்கியது. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் நிறுவனம் 1975-இல் ‘ஓல்டு ஃபாக்ஹார்ன்’ கொண்டுவந்தபின் அமெரிக்காவிலும் பரவியது. அங்கே பல சீசாக்களில் ‘பார்லிவைன் வகை ஏல்’ (ஏல் பீரில் ஒரு வகை) என்றுதான் அச்சிடுகிறார்கள், வாங்குபவர் வைன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆங்கிலத்திலேயே விளக்கம் தேவைப்படும் பெயரை நாம் ஏன் அப்படியே தூக்கிவர வேண்டும்?

சரி, பீப்பாய்க்கு வருவோம். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் மான்செஸ்டர் பக்கத்து ஜே. டபிள்யூ. லீஸ் மதுவடிசாலையின் ஹார்வெஸ்ட் ஏல். 1828-இல் தொடங்கிய பீர் நிறுவனம் அது. 1986 முதல் அந்தந்த ஆண்டு அறுவடையான மாரிஸ் ஆட்டர் ரகப் பார்லியையும் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ரக ஹாப்பையும் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) கொண்டு இந்த 11.5 சதவீத பீரைக் காய்ச்சினார்கள். அதே பீரை முன்பு லாகவூலின் விஸ்கி, ஷெர்ரி வைன், போர்ட் வைன், கால்வடோஸ் பிராந்தி இருந்த நான்கு வகைப் பீப்பாய்களிலும் வைத்து எடுத்துத் தனித்தனியாக விற்றார்கள். கலைச்சொல் ஆக்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நான்கையும் அருகருகே வைத்துச் சுவைத்தால் அடித்தளம் ஒன்றாகவே இருக்கிறது: டாஃபி, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு காயும்போது எழும் அந்த இனிய கருகல். அதன் மேல் லாகவூலின் பீப்பாய் கரிப்புகையைப் போர்த்துகிறது. அந்த விஸ்கி வரும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் மால்ட்டை உலர்த்த எரிக்கும் பீட் (சதுப்புநிலக் கரி) புகை, விஸ்கி வெளியேறியபின்னும் பலகையில் தங்கியிருக்கிறது. ஷெர்ரி பீப்பாயிலிருந்து உலர்திராட்சையும் கொட்டைப் பருப்பும் வருகின்றன. கால்வடோஸ் நார்மண்டியின் ஆப்பிள் பிராந்தி; மூக்கை அருகில் கொண்டுபோகும்போதே ஆப்பிள் தெரியும். போர்ட் செம்பழ இனிப்பைத் தருகிறது. பீர் ஒன்று, பலகையும் எல்லாவற்றிலும் ஓக்தான். பெரிதாக மாறியது பீப்பாயில் முன்பு குடியிருந்தது எது என்பதுதான்.

அதனால் ‘பீப்பாய் முதிர்’ என்ற தொடர் எனக்குப் போதவில்லை. ‘ஏஜ்டு’ என்ற சொல் காலத்தை மட்டும் சொல்கிறது. வருடக்கணக்கில் சீசாவிலேயே கிடக்கும் பார்லிவைனும் முதிர்கிறது: ஹாப்பின் கசப்பு தணியும், மெதுவாக ஆக்சிஜன் ஏறி ஷெர்ரி போன்ற மணம் வரும், கெட்டுப்போனால் ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும். மரத்தில் நடப்பது வேறு. அமெரிக்க விஸ்கியான போர்பனை எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கச் சட்டப்படி அதைப் புதிதாக உட்புறம் கரித்த ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய சுமார் 200 லிட்டர் பீப்பாய் மீண்டும் போர்பனுக்கு உதவாது, அதனால்தான் பீர்காரர்கள் கைக்கு வருகிறது. அந்தப் பலகையில் உள்ள வேதிப்பொருள்களான லிக்னினிலிருந்து வெனிலா மணமும், லாக்டோன்களிலிருந்து தேங்காய் மணமும், டானினிலிருந்து துவர்ப்பும், ஊறிக்கிடந்த போர்பனும் பீருக்குள் இறங்குகின்றன. இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் சுவைக்குறிப்பு எழுதுபவர் தடுமாறுவார்.

‘ஊறல்’ இந்த இறங்குதலைச் சரியாகப் பிடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் ஊறல் என்றால் கள்ளச்சாராயம் காய்ச்ச வைத்த ஊறல்தான், போலீசார் கண்டுபிடித்துக் கீழே கொட்டும் ஊறல். அந்தப் பொருள் மிக ஆழமாக வேரூன்றிவிட்டது. ‘ரசம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பைபிளில் திராட்சரசம் நிலைத்தது, ஆனால் பார்லி ரசம் என்றால் சோற்றில் ஊற்றுவது என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை: வகைக்குப் பார்லித் தேறல். தேறல் என்பது தெளிந்த மது. வலுவும் அந்தச் சொல்லில் உண்டு. புறநானூறு 392-இல் ஔவையார் ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார், தேள் கொட்டியது போன்ற கடுப்புள்ள, பல நாள் வைத்திருந்த மது. தோப்பியைச் சிலர் கேட்கலாம். அது வீட்டில் நெல்லிலிருந்து ஆக்கிய கள். தானிய மது என்ற வகையில் பீருக்கு நெருக்கமானது. என்றாலும் பீர் என்ற சொல் ஊன்றிவிட்ட இடத்தில் அதைக் கொண்டுவந்து குழப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மரத்தில் நடப்பதற்குப் பழுத்தல். புறநானூறு 129-இல் குறவர் குடிப்பது ‘வாங்கமைப் பழுநிய தேறல்’, வளைந்த மூங்கிலில் பழுத்த தேறல். மது கலனுக்குள் பக்குவப்படுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே வினை இருக்கிறது. ‘பழுநிய’ இன்று படிக்கக் கடினம். ‘பழுத்த’ எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘முதிர்தல்’ என்பதைச் சீசாவில் கழியும் காலத்துக்கு ஒதுக்கிவிடலாம். அப்போது ‘போர்பன் பீப்பாயில் பழுத்து, சீசாவில் ஐந்தாண்டு முதிர்ந்த பார்லித் தேறல்’ என்று ஒரே வரியில் எல்லாம் வந்துவிடும். முன்பு என்ன இருந்தது என்பதைப் பீப்பாய்க்கு முன்னால் கட்டாயம் எழுதுவோம் என்பதையும் விதியாக்க வேண்டும்; வெறும் ‘பீப்பாயில் பழுத்தது’ என்றால் சுவைப்பவருக்குப் பாதித் தகவல்தான். (பீப்பாய் போர்த்துகீசிய ‘பிப்பா’விலிருந்து வந்தது, அங்கும் மது வைக்கும் பெரிய மரக்கலன்தான். தனித்தமிழ் வேண்டும் என்று இதை நீக்கத் தேவையில்லை.)

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இவ்வளவு வலுவான பீரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் இனிப்பும் ஆல்கஹாலும் தவிர ஒன்றும் தெரியாது. 12, 13 டிகிரிக்கு வரும்வரை விட்டு, வாய் குறுகிய குவளையில் கொஞ்சமாக ஊற்றிச் சுவைக்க வேண்டும். விழுங்கியபின் நெஞ்சில் பரவும் சூடு இந்த வகையின் அழகு. தொண்டையை எரித்தால் அது குறை. ஆங்கிலக் குறிப்புகளில் ‘வார்மிங்’, ‘ஹாட்’ என்று பிரிக்கிறார்கள். நாம் முதலதைக் கதகதப்பு என்றும், இரண்டாவதை ஔவையாரின் கடுப்பு என்றும் வைக்கலாம். பேச்சில் கடுப்பு என்றால் எரிச்சல் என்ற பொருள் இருக்கிறதே என்பீர்கள். குறையைச் சுட்டும் சொல்லுக்கு அந்த நிழல் இருப்பது நல்லதுதான்.

துவர்ப்புக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். அறுசுவையில் இருக்கிறது, டானினுக்கு அப்படியே பொருந்தும்.

பல பீப்பாய்களின் பீரைச் சுவைபார்த்துச் சேர்க்கும் ‘பிளெண்டிங்’குக்கு ‘கலவை’ எனக்குத் திருப்தி தரவில்லை, திறமையே அதில் தெரியவில்லை. நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். நான் சொன்ன மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால் சுவைக்குறிப்பு வாக்கியத்தில் வைத்துக் காட்டி மறுத்தால் விவாதிக்க எளிதாக இருக்கும்.

அன்புடன்