41 வயது குவாட்டர்பேக்கை நம்பி ஒரு சீசனைக் கொடுக்கலாமா?

மூன்றாற்றங்கரை:

பிட்ஸ்பர்குக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் இந்த அமெரிக்கக் கால்பந்து எனக்குப் பிடிபடவே இல்லை, ஐந்து விநாடி ஓடுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் நின்று பேசுகிறார்கள், இதற்கா ஊரே கறுப்பும் மஞ்சளுமாகத் திரிகிறது என்று நினைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால், ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த 2025 ஜூன் மாதம் எங்கள் ஊர் அணியான ஸ்டீலர்ஸ், குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆரன் ராஜர்ஸை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துவிட்டார்கள். வரும் டிசம்பர் 2 வந்தால் அவருக்கு 42. 2023-இல் அக்கிலிஸ் தசைநார் அறுந்து அந்த சீசனே போனது. போன வருடம் அவர் ஆடிய ஜெட்ஸ் அணி 5 வெற்றி, 12 தோல்வி. ஆனால் அவருடைய எண்களை மட்டும் எடுத்தால் எறிந்தது 3,897 யார்டு, 28 டச்டவுன் (பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளியானது), 11 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்டது), பார்க்க ஒன்றும் அவ்வளவு கேவலமாக இல்லை. நாங்கள் பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் வரும் நாக்அவுட் சுற்று) ஓர் ஆட்டம் ஜெயித்தது கடைசியாக 2017 ஜனவரியில், அந்தப் பசியில் இருக்கிறவர்களுக்கு 28 டச்டவுன் என்றால் கண் விரியத்தானே செய்யும். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் இந்த வருடம் சூப்பர் பவுல் (இறுதிப் போட்டி) என்கிறார், எதிர் மேஜைக்காரர் முதியோர் இல்லம் என்கிறார்.

குவாட்டர்பேக் டாம் பிரேடி 45 வரை ஆடினார், அதனால் 45தான் கணக்கு என்று எல்லாரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அவர் ஒரு விதிவிலக்கா, இல்லை உண்மையிலேயே எல்லைக்கோடு நகர்ந்துவிட்டதா? அப்புறம், முதலில் போவது எது? கையா, காலா, கண்ணா? ராஜர்ஸ் மைதானத்துக்கு வெளியே பேசுவதைப் பற்றி இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழைகள் நிறைய ஓடுகின்றன.

வழிப்போக்கன்:

யாராவது தோனியை இழுப்பதற்கு முன்னால் நானே இழுத்துவிடுகிறேன்: 43 வயதில் தோனி. முடிந்தது. இனி ஆட்டத்தைப் பேசுங்கள்.

பச்சைச்சட்டை:

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாய் தம்பி. நான் ஜெட்ஸ் ரசிகன், நியூ ஜெர்சியில் 25 வருடம்.

2023 செப்டம்பர் 11 இரவு, மெட்லைஃப் மைதானத்தில், மேலடுக்கில் அக்கா பையனோடு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு 12 வயது. அன்று மதியம்தான் வாங்கிய 8-ஆம் எண் ஜெர்சி, விலைச்சீட்டு கழுத்துக்குப் பின்னால் தொங்குகிறது, வெட்ட விடமாட்டேன் என்கிறான். ராஜர்ஸ் கையில் கொடியோடு ஓடி வந்தார், மைதானம் அதிர்ந்தது. நாலாவது ஸ்நாப் (பந்து குவாட்டர்பேக் கைக்கு வரும் தொடக்கம்). எதிரணியின் லெனர்ட் ஃப்ளாய்ட் பிடித்து இழுத்துச் சாய்த்தார், பார்க்கப் பெரிய அடியாகவே இல்லை. ராஜர்ஸ் எழுந்து நின்றார். சில விநாடி நின்றிருப்பார், அப்புறம் தானாகவே மெல்ல மறுபடி தரையில் உட்கார்ந்தார். கீழே விழுந்ததைவிட அந்த உட்கார்ந்தது இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆட்டத்தை ஓவர்டைமில் 22-16 என்று நாங்கள் ஜெயித்தோம், ஆனாலும் திரும்பும் ரயிலில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் 17 ஆட்டங்களையும் பார்த்தேன், ஆகவே எதிர் மேஜைக்காரரையும் நம்பாதே, பக்கத்து மேஜைக்காரரையும் நம்பாதே. கை அப்படியே இருக்கிறது. அக்டோபரில் பஃபலோவோடு நடந்த ஆட்டத்தில் முதல் பாதி முடியும் நேரத்தில் கடைசி முயற்சியாக ஒன்றை வானத்துக்கு வீசினார், 52 யார்டு டச்டவுன், ஆலன் லசார்ட் பிடித்தார். அதைப் பார்த்தவன் கை போய்விட்டது என்று சொல்லவே மாட்டான். போனது கால். முன்னால் கிரீன் பே அணியில் இருந்தபோது நாலு பேர் சூழ்ந்தாலும் இடுப்பை ஒரு திருகு திருகி வெளியே வந்து, ஓடிக்கொண்டே மணிக்கட்டால் நாற்பது யார்டு விசிறுவாரே, அந்த இரண்டாவது வாய்ப்பு இப்போது அவரிடம் இல்லை. முதலில் பார்த்த ஆள் அடைபட்டிருந்தால் பந்தை வெளியே எறிவார், இல்லையென்றால் அடி விழுவதற்கு முன் தானே மடங்கி உட்கார்ந்துவிடுவார். நாற்பது முறை சேக் ஆனார், அதாவது எறியும் முன்பே சாய்க்கப்பட்டார். 28 டச்டவுன் என்ற எண்ணில் இது எதுவும் தெரியாது.

தோள்பட்டை:

நான் பிசியோதெரபிஸ்ட். என்எஃப்எல் (இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்) ஆட்களை எல்லாம் தொட்டதில்லை, ஞாயிறு சாஃப்ட்பால் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை சீப்பை எடுத்துத் தலைவார முடியாமல் வரும் நாற்பது வயதுக்காரர்கள்தான் என் வாடிக்கை. ஆனாலும் பச்சைச்சட்டை அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கை, கால் என்று தனித்தனியாகப் பிரிக்க முடியாது. எறிதல் தரையில் தொடங்குகிறது, பின்காலை ஊன்றி, இடுப்பு திரும்பி, அந்தத் திருப்பம் முதுகு வழியாகத் தோளுக்கு ஏறி, முழங்கை, கடைசியில் விரல். கால் ஊன்றவில்லை என்றால் மீதி எல்லாவற்றையும் தோள் ஒன்றே இழுக்க வேண்டும், இழுக்கும், கொஞ்ச நாளைக்கு.

குவாட்டர்பேக் பெய்ட்டன் மானிங் கதையைப் பாருங்கள். கழுத்தில் பல அறுவை சிகிச்சைகள், 2011 முழுக்க ஆடவில்லை, நரம்பு பாதித்து எறிகிற கையில் பலமே இல்லை. டென்வரில் தன் பழைய நண்பரான பேஸ்பால் வீரர் டாட் ஹெல்டனோடு ரகசியமாகப் பயிற்சிக்குப் போய் முதல் பந்தை எறிந்தபோது அது பாதி தூரத்திலேயே விழுந்ததாம், ஹெல்டன் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று சிரித்தாராம். அந்த ஆள் இரண்டே வருடத்தில், 2013-இல், 55 டச்டவுன், 5,477 யார்டு. இரண்டுமே ஒரு சீசனுக்கான சாதனை. அதாவது பலம் குறைந்த கையை வைத்துக்கொண்டே. எப்படி? கண்ணும் மூளையும். ஸ்நாப்புக்கு முன்பே எந்தப் பக்கம் காலியாகும் என்று தெரிந்துவிட்டால் பந்து வேகமாகப் போக வேண்டியதில்லை, சீக்கிரம் கிளம்பினால் போதும்.

அப்புறம் 2015. இந்த முறை பாதத்தின் அடியில் இருக்கும் நார்ப்பட்டை கிழிந்தது. நவம்பர் 15 அன்று, கன்சாஸ் சிட்டிக்கு எதிராக, வாழ்நாள் மொத்த யார்டுகளில் பிரெட் ஃபாவ்ரின் சாதனையைத் தாண்டிய அதே ஆட்டத்தில், 20 முறை எறிந்ததில் 5தான் சேர்ந்தது, 35 யார்டு, 4 இன்டர்செப்ஷன், எறிதலுக்கான ரேட்டிங் சுழியம். நடுவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கழுத்து போனபோது சமாளித்தவரால் பாதம் போனபோது முடியவில்லை. அந்த வருடமே 39 வயதில் சூப்பர் பவுலும் ஜெயித்தார் என்பது வேறு விஷயம், அதில் அவர் எறிந்தது 141 யார்டு, ஜெயித்தது வான் மில்லரும் அந்த டிஃபன்ஸும் (அணியின் தடுக்கும் பிரிவு).

இன்னொன்று, ஆறுகிற வேகம். இளம் வயதில் ஞாயிறு வாங்கிய அடி புதன்கிழமைக்குள் போய்விடும். நாற்பதுக்கு மேல் அது அடுத்த ஞாயிறும் கூடவே மைதானத்துக்கு வரும். டிரூ பிரீஸ் 2020-இல், 41 வயதில், பல விலா எலும்புகள் உடைந்து நுரையீரலும் சுருங்கி, நாலே ஆட்டங்களை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வீரம்தான், மறுக்கவில்லை. என் நோயாளி என்றால் திட்டி அனுப்பியிருப்பேன்.

மூன்றாற்றங்கரை:

அப்படியென்றால் பிரேடி? அவருக்கு மட்டும் கால் போகவில்லையா?

தோள்பட்டை:

அவருக்கு எப்போது கால் இருந்தது, போவதற்கு!

சம்பளக்கணக்கு:

சிரிப்பாக இருந்தாலும் பாதி பதில் அதுதான். ஓடிப் பிழைத்தவனுக்குத்தான் வயது இழப்பு, நின்று பிழைத்தவனுக்கு இல்லை. கேம் நியூட்டன் 2015-இல் எம்விபி (அந்த சீசனின் சிறந்த வீரர்), பெரிய உடம்பு, இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார், 2021 சீசனோடு 32 வயதில் கதை முடிந்தது. பிரேடி 44 வயதில், 2021-இல், லீகிலேயே அதிகமாக 5,316 யார்டு, 43 டச்டவுன்.

ஆனால் 2022-ஐ யாரும் பேசுவதில்லை. அவர் போக்கு எனக்கு அந்த வருடத்தில்தான் புரிந்தது. அவருடைய டாம்பா பே அணியில், குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லைனில், சென்டர் ரயன் ஜென்சன் ஜூலைப் பயிற்சியிலேயே முட்டி போய் விழுந்தார், கார்டு அலி மார்பெட் ஓய்வு பெற்றிருந்தார், இன்னொரு கார்டு வேறு அணிக்குப் போய்விட்டார். நடுவில் மூன்று பேர் புதுசு. பிரேடி என்ன செய்தார், அடி விழுவதற்கு முன் பந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். 733 முறை எறிந்தார், ஒரு சீசனில் யாரும் அத்தனை எறிந்ததில்லை. ஓட்டத்தில் லீகிலேயே கடைசி அணி. 8 வெற்றி, 9 தோல்வி, முதல் பிளேஆஃபிலேயே வீடு. எண்களைப் பார்த்தால் ஆள் தேயவில்லை, ஆட்டத்தைப் பார்த்தால் பயம் தெரிந்தது. பயம் என்பது தப்பான வார்த்தையாக இருக்கலாம், 45 வயதில் 120 கிலோ ஆள் மேலே விழுவதைத் தவிர்ப்பதற்குப் பெயர் புத்தி.

எல்லைக்கோடு நகர்ந்ததா என்று கேட்டீர்கள். நகர்ந்தது, உணவுப் பழக்கத்தால் மட்டுமில்லை. பிரேடி மாதிரி தக்காளி சாப்பிடாமல் இருந்தால் 45 வரை ஆடலாம் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். விதிகள் மாறின. 2006-இல் முட்டிக்குக் கீழே குவாட்டர்பேக்கை அடிப்பதற்குத் தடையை இறுக்கினார்கள். 2008 முதல் ஆட்டத்தில் பிரேடியின் முட்டி போனது, அடுத்த வருடமே தரையில் கிடக்கிறவன் பாய்ந்து காலைப் பிடிக்கக் கூடாது என்று வந்தது. 2017-இல் ஆன்டனி பார் மேலே விழுந்து ராஜர்ஸின் காறை எலும்பு உடைந்தது, 2018-இல் உடல் எடை முழுக்க மேலே போட்டு விழுவதைப் பிடித்துப் பிடித்து அபராதம் போட்டார்கள். இந்த இருவர் உடைந்துதான் மற்றவர்களுக்கு ஆயுள் கூடியது என்றும் சொல்லலாம்.

பணக்கணக்கையும் பாருங்கள். 2025-இல் ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி. கிழவர் வேண்டும் என்று சொல்கிற அணி உண்மையில் சொல்வது, எங்களிடம் இளைஞன் இல்லை, 6 கோடி கொடுக்கவும் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். கிரீன் பேயைப் பாருங்கள், எவ்வளவு ஈவு இரக்கமில்லாமல், ஆனால் எவ்வளவு சரியாகச் செய்தார்கள். ஃபாவ்ர் இருக்கும்போதே 2005-இல் இளைஞன் ராஜர்ஸை எடுத்தார்கள், ராஜர்ஸ் இருக்கும்போதே 2020-இல் இளைஞன் ஜோர்டன் லவ்வை. ஃபாவ்ரையும் ஜெட்ஸுக்கு அனுப்பினார்கள், ராஜர்ஸையும் ஜெட்ஸுக்கு.

பச்சைச்சட்டை:

எங்கள் வீட்டுத் திண்ணை என்ன சத்திரமா?

சம்பளக்கணக்கு:

மன்னிக்கவும் சார். ஆனால் அந்த ஃபாவ்ர் கதையைத்தான் ஸ்டீலர்ஸ்காரர்கள் படிக்க வேண்டும். ஜெட்ஸுக்கு அடுத்து மினசோட்டா போனார், 2009, சீசன் நடுவில் 40 முடிந்தது. 33 டச்டவுன், வெறும் 7 இன்டர்செப்ஷன். அவர் வாழ்க்கையிலேயே சுத்தமான வருடம் அது. சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டத்தில், நியூ ஆர்லியன்ஸில், 28-28, கடைசி விநாடிகள். அடி வாங்கி வாங்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. முன்னால் சும்மா சில யார்டு ஓடி விழுந்திருந்தால் உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கரிடம் விட்டிருக்கலாம். ஓடவில்லை. வலது பக்கம் நகர்ந்துகொண்டே உடம்புக்குக் குறுக்கே இடது பக்கம் எறிந்தார், டிரேசி போர்ட்டர் பிடித்தார், ஓவர்டைமில் தோல்வி. அந்தக் கணுக்கால் நன்றாக இருந்திருந்தால் ஓடியிருப்பார் என்பது என் கணிப்பு. அடுத்த வருடமும் வந்தார். 11 டச்டவுன், 19 இன்டர்செப்ஷன். தோள் போய், தொடர்ந்து 297 ஆட்டங்கள் தொடங்கியவரின் வரிசை டிசம்பரில் அறுந்தது.

படிப்படியாக இறங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். இவர்களுக்குப் படி இல்லை.

வழிப்போக்கன்:

ஜார்ஜ் பிளாண்டா 48 வரை ஆடினார். சும்மா சொல்கிறேன்.

சம்பளக்கணக்கு:

கடைசி வருடங்களில் அவர் முக்கியமாக உதைக்கிறவர் ஐயா. 1970-இல், 43 வயதில், ஓக்லண்டுக்காக வாரத்துக்கு வாரம் கடைசி நேரத்தில் வந்து காப்பாற்றினார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்க முதல் ஸ்நாப்பிலிருந்து நின்று ஆடுவது வேறு.

மூன்றாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. அப்போது நான் செப்டம்பரில் எதைப் பார்க்க வேண்டும்? ஸ்கோரைப் பார்த்துத் தெரியாது என்று புரிகிறது.

தோள்பட்டை:

மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது) பந்தைப் பார்க்காமல் அவருடைய இடது காலைப் பாருங்கள். எறியும்போது அது முன்னே வந்து ஊன்றுகிறதா, இல்லை பின்னுக்குச் சாய்ந்தபடியே எறிகிறாரா என்று. அறுந்ததும் அதே இடது கால்தான். முதல் நாலு வாரம் ஊன்றினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நவம்பர் கடைசியில் குளிரில், பத்து ஆட்டம் அடி வாங்கிய பிறகும் ஊன்றுகிறாரா என்பதில்தான் இருக்கிறது.

சம்பளக்கணக்கு:

அதோடு உங்கள் தாக்குதல் பயிற்சியாளர் ஆர்தர் ஸ்மித்தின் ஆட்டத்தில் குவாட்டர்பேக் சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தை வாங்கி, டிஃபன்ஸுக்கு முதுகைக் காட்டி ஓட்டம் போலப் பாசாங்கு செய்து, அப்புறம் திரும்பி எறிவது நிறைய வரும். ராஜர்ஸுக்கு அது பிடிக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் தள்ளி நின்றே பந்தை வாங்க ஆரம்பித்தால், யாரோ யாரிடமோ இறங்கிப் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

என் பதில் வேண்டுமென்றால்: 42 வரை ஆடலாம், நல்ல லைன் இருந்தால், ஓட்டம் இருந்தால், டிஃபன்ஸ் 20 புள்ளிக்குள் கட்டிப்போட்டால். இதெல்லாம் இருக்கிற அணிக்குக் கிழவர் எதற்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பச்சைச்சட்டை:

செப்டம்பர் 7, முதல் வாரம், ஸ்டீலர்ஸ் எங்கள் ஊருக்கு, அதே மெட்லைஃபுக்கு வருகிறார்கள். போன வருடம் உங்களிடம் இருந்த குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இப்போது எங்களிடம், எங்கள் ஆள் உங்களிடம். டிக்கெட் வாங்கிவிட்டேன், இந்த முறை கீழடுக்கு. அக்கா பையனுக்கு 14 ஆகிவிட்டது, அந்தப் பச்சை 8-ஐப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்கிறான். தோளில் பிடிக்கிறது, ஆனாலும் நுழைந்துவிடும். விலைச்சீட்டு இன்னும் வெட்டவில்லை.