மோர் வட்டம் உங்களுக்கு எப்போது பிடிபட்டது? பொருளுக்குள் ஒரு புள்ளியில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று வரும் உள்விசை, திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று காட்டும் படம் அது.

எனக்கு ஒரு கணக்கில்தான் பிடிபட்டது. ஒரு புள்ளியில் கிடைத்திசையில் 80 மெகாபாஸ்கல் இழுவை, செங்குத்தாக 20, கூடவே 40 ஷியர், அதாவது பரப்பை ஒட்டி நழுவவைக்கும் தகைவு. சூத்திரத்தில் போட்டால் விடை வரும், ஆனால் மனதில் ஒன்றும் நிற்காது. அன்று கிராஃப் தாளில் கிடையச்சில் இழுவை, நிலையச்சில் ஷியர் என்று எடுத்து, (80, 40), (20, −40) என்று இரண்டு புள்ளி வைத்து இணைத்தேன். கோடு கிடையச்சை 50-இல் வெட்டியது. அங்கே காம்பஸை ஊன்றிச் சுற்றினேன். வட்டம் ஒரு பக்கம் 100-ஐத் தொட்டது, மறுபக்கம் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது!

அப்படியென்றால் அந்த இடத்தில் இருப்பது வெறும் 100 மெகாபாஸ்கல் இழுவை, ஒரே திசையில். நாம் எடுத்துக்கொண்ட அச்சுகள் அந்தத் திசைக்குச் சாய்வாக இருந்ததால்தான் அது மூன்று எண்களாகப் பிரிந்து தெரிந்தது. சாய்வு வட்டத்தில் சுமார் 53 டிகிரி, பொருளில் அதில் பாதி. பொறியாளர் குல்மன் 1866-இல் தொடங்கியதை இன்னொரு பொறியாளரான மோர் 1882-இல் விரித்து எழுதினார். கணினி நொடியில் விடை சொல்லும் இன்றும் நான் முதலில் வட்டத்தைத்தான் போடுவேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

எனக்கு சாக்பீஸ்தான். ஆய்வகத்தில் ஒரு முழு சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து, வளைக்காமல் முறுக்கச் சொன்னார்கள். உடைந்த முகம் தட்டையாக இல்லை, திருகுபோல 45 டிகிரியில் சுற்றிக்கொண்டு போனது. முறுக்கத்துக்கான வட்டத்தை வரைந்தால் மையம் பூஜ்யத்தில் விழும். ஷியர் மட்டும் உள்ள உச்சியிலிருந்து முழு இழுவை உள்ள புள்ளிக்கு 90 டிகிரி, பொருளில் 45. இழுவை தாங்காத சாக்பீஸ் அந்த இழுவைக்குச் செங்குத்தாகப் பிளந்துகொள்கிறது. அடுத்து மைல்டு ஸ்டீல் கம்பியை முறுக்கினார்கள், அது ஷியரில் விட்டுக்கொடுத்துக் குறுக்கே தட்டையாக அறுந்தது. வட்டம் அதே வட்டம்தான், எந்தப் புள்ளியில் தோற்பது என்பதைப் பொருள் முடிவு செய்கிறது.

*

அழுத்தக் கலன் வடிவமைப்பில் இருக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் நான் விடாமல் சொல்வது, ஒரு வட்டத்தோடு நிறுத்தாதீர்கள். மெல்லிய உருளையில் சுற்றுத் தகைவு 120, நீளவாக்கில் 60 என்றால், இந்த இரண்டுக்கும் இடையிலான வட்டம் 30 ஷியர்தான் காட்டும். ஆனால் ஷியரே இல்லாத திசையில் இருக்கும் முதன்மைத் தகைவுகள் மூன்று, வெளிப்பரப்பில் மூன்றாவது பூஜ்யம். 0-க்கும் 120-க்கும் இடையே பெரிய வட்டத்தைப் போட்டால் ஷியர் 60. நேர் இரட்டிப்பு! ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றாக மூன்று வட்டத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவேன்.

*

மண் பரிசோதனையில் எங்களுக்கு அமுக்கம்தான் பிளஸ். அதை மறந்துவிட்டு மேலே சொன்ன வட்டங்களோடு ஒப்பிட்டால் குழம்பும். ஒரே மண்ணை வெவ்வேறு பக்க அழுத்தத்தில் நசுக்கி, உடைந்த நிலைக்கு ஒவ்வொரு வட்டம் போடுவோம். எல்லா வட்டத்தையும் உரசிக்கொண்டு போகும் கோட்டின் சாய்வு உராய்வுக் கோணம், அது ஷியர் அச்சை வெட்டும் இடம் மண்ணின் ஒட்டுத்திறன்.