அம்பாசடர் மார்க் 2: ரேடியேட்டர் மாற்றியும் இன்ஜின் கொதிக்கிறது, டைமிங் காரணமாக இருக்குமா?

கேள்வி (பழையவண்டி68):
வணக்கம். என்னிடம் 1968ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 உள்ளது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது ஐந்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஊருக்குள் சிக்னலில் நின்றாலும் மெல்ல ஏறுகிறது. ரேடியேட்டர் கோர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என வரிசையாக எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. சென்ற ஆண்டு ஒரு பட்டறையில், ஏற்றத்தில் நாக்கிங் (இன்ஜினுக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) வரக்கூடாது என்று டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து வண்டி இழுப்பதும் மந்தமாகிவிட்டது. இதற்கும் சூட்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் (டைமிங்லைட்):
நிச்சயமாக உண்டு, ஐயா. தீப்பொறி தாமதமாக விழுந்தாலும் சூடு கூடும், மிகவும் முந்தி விழுந்தாலும் கூடும். ஆனால் இரண்டும் ஒரே வகைச் சூடு அல்ல. தாமதமாக விழும்போது பிஸ்டன் பாதி வழி கீழே இறங்கிய பிறகும் பெட்ரோல்-காற்றுக் கலவை எரிந்துகொண்டே இருக்கும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய வெப்பம், எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அப்படியே ஹெட்டின் புகைவழிக்குள் பாய்ந்து, அதைச் சுற்றியுள்ள தண்ணீரைச் சுட வைக்கும். இழுவை குறைவதால் நீங்களும் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்துவீர்கள், அதனால் இன்னும் அதிகமாக எரியும். மலை ஏறி நின்றதும் பானட்டைத் திறந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். இருட்டில் அது மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

மிகவும் முந்தி விழுந்தால் நாக்கிங் வரும். அந்த அதிர்ச்சி, உலோகத்தை ஒட்டிப் போர்வைபோல் இருக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுவதால் வெப்பம் நேராகப் பிஸ்டனிலும் ஹெட்டிலும் இறங்கும். முள் காட்டுவதற்கு முன்பே பிஸ்டன் ஓட்டையாகிவிடக்கூடும் என்பதால் இதுதான் அதிக ஆபத்து. எனவே காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம், இதைத் திருப்பித்தான் டைமிங் வைப்பார்கள்) திருப்பாதீர்கள்.

பதில் (சிபிபாயிண்ட்):
டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடுவதற்கு முன் சி.பி. பாயிண்ட் (அதற்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்க வேண்டும். பாயிண்டின் குதிகால் (சுழலும் கேமில் உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், யாரும் கை வைக்காமலே டைமிங் பின்னால் போய்விடும். அடுத்து, வேக்கம் அட்வான்ஸ் (கார்புரேட்டரின் உறிஞ்சலால் டைமிங்கை முந்த வைக்கும் அமைப்பு) குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். நாக்கைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு நன்றாக இருக்கிறது, காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது. பாயிண்ட் தட்டுக்கு அடியில், வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முந்த வைக்கும் இரண்டு வெயிட்டுகளும் துருவில் இறுகியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைக் கையால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைத் தானே பின்னுக்கு இழுக்க வேண்டும்.

பதில் (கண்ணாடிமீட்டர்):
மேலே உள்ளவர்களுடன் ஓரளவுதான் உடன்படுகிறேன். நிற்கும்போதும் சூடேறுகிறது என்பதால் ஃபேன் பெல்ட்டின் இழுப்பையும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் இத்தனையும் மாற்றிய பிறகு நானும் டைமிங்கைத்தான் சந்தேகிப்பேன்.

பழையவண்டி68:
ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இதிலேயே போயிற்று. பாயிண்ட் இடைவெளி 0.009 அங்குலம்தான் இருந்தது. உறிஞ்சிப் பார்த்தபோது நாக்கு ஒட்டவே இல்லை. டயாஃப்ரம் போயிருக்கிறது, மாற்று இன்னும் கிடைக்கவில்லை. இடைவெளியைச் சரிசெய்து, கைப்பிடியால் கிராங்கைச் சுற்றி, பாயிண்ட் முனையில் ஒரு சிறு பல்பை இணைத்துப் பார்த்தேன். கையேடு சொல்லும் டைமிங் கோட்டை வெகுவாகத் தாண்டிய பிறகே பல்பு எரிந்தது, அதாவது பாயிண்ட் திறந்தது. எரிய வேண்டிய கோட்டில் எரியும்படி வைத்துவிட்டு நேற்றுக் குன்னூர் போனேன். பதினான்கு வளைவுகளிலும் முள் முக்கால் பங்கைத் தாண்டவில்லை. பர்லியார் அருகே மட்டும், மூன்றாவது கியரில் அழுத்தியபோது லேசாகக் கிணுகிணுவென்ற சத்தம் கேட்டது.

டைமிங்லைட்:
அந்தச் சத்தம் நாக்கிங்தான், விட்டுவைக்க வேண்டாம், ஐயா. இரண்டு டிகிரி பின்னால் எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே கியரில் மீண்டும் பாருங்கள். வெயிட்டுகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேகம் கூடும்போது தேவைக்கு மேல் முந்திவிடும். டயாஃப்ரம் மாற்றத் தட்டைக் கழற்றும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.